தரைக்கு அடியில் ஓர் ஊசித்துளை

வீட்டுப் பூனை திடீரென்று ஒரு புது இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சோபா இருக்கிறது, மெத்தை இருக்கிறது, ஜன்னலோரத்தில் வெயில் விழுகிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடைவழியில், வெறும் தரையில், குறிப்பிட்ட ஒரு டைல் மேலேயே போய்ப் படுக்கிறது. விரட்டினாலும் மறுபடி அங்கேயே வருகிறது. வீட்டுக்காரர் வெறுங்காலால் அந்த இடத்தை மிதித்துப் பார்க்கிறார். தரை வெதுவெதுப்பாக இருக்கிறது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸ் நகரப் பக்கம் இப்படி ஒன்று நடந்தால் அடுத்த வேலை பிளம்பரைக் கூப்பிடுவதுதான். வீட்டின் காங்கிரீட் தளத்துக்கு அடியில் ஓடும் வெந்நீர்க் குழாயில் ஓட்டை விழுந்திருக்கிறது என்பதற்கு அந்த வெதுவெதுப்பு ஓர் அடையாளம். குழந்தைகளே, மேலே முழு வீடும் உட்கார்ந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாத அந்த ஓட்டையை எப்படித் தேடுகிறார்கள், எப்படி அடைக்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். இதில் ஒலி வரும், வெப்பம் வரும், வாயு வரும், மண் வரும். கொஞ்சம் கணக்கும் வரும்.

குழாய் ஏன் தரைக்கு அடியில் போகிறது என்று முதலில் கேட்பீர்கள். அந்தப் பக்கம் வீடு கட்டும் முறை அப்படி. அமெரிக்காவின் வடக்கே மின்னசோட்டா போன்ற மாநிலங்களில் குளிர்காலத்தில் நிலம் ஒரு மீட்டருக்கும் மேலான ஆழம் வரை உறைந்துபோகும். மண்ணிலுள்ள ஈரம் பனிக்கட்டியாகும்போது பருத்து, மேலே இருப்பதைத் தூக்கிவிடும். அதனால் அங்கே உறைபனி எட்டாத ஆழத்துக்கு அஸ்திவாரம் போகவேண்டும். அவ்வளவு ஆழம் தோண்டிய பிறகு பள்ளத்தை வீணாக்குவானேன் என்று அதை நிலவறையாக்கிக்கொள்கிறார்கள். குழாய்கள் நிலவறையின் உச்சியில் கண்ணுக்குத் தெரியும்படி ஓடும்.

தெற்கே டெக்சாஸ், புளோரிடா, அரிசோனா, கலிபோர்னியாவின் பல பகுதிகள் ஆகியவற்றில் நிலம் அப்படி ஆழமாக உறைவதில்லை. ஆகவே மண்ணைச் சமன்செய்து, அதன்மேல் சுமார் 10 சென்டிமீட்டர் கனத்துக்குக் காங்கிரீட் ஊற்றுகிறார்கள். ஓரங்களிலும் கனமான சுவர் வரும் இடங்களிலும் மட்டும் இன்னும் ஆழமாக ஊற்றுவார்கள். அந்தத் தளமே அஸ்திவாரம், அதுவே தரை. தண்ணீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் காங்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே மண்ணில் பதித்துவிடுகிறார்கள். காங்கிரீட் இறுகிய பிறகு அந்தக் குழாயை யாரும் பார்க்கப்போவதில்லை.

இப்படித் தளத்தின்மேல் வீடு கட்டும் வழக்கம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வேகமாகப் பரவியது. போரிலிருந்து திரும்பிய லட்சக்கணக்கான வீரர்களுக்கு வீடு தேவைப்பட்டது. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், உருளைக்கிழங்கு பயிரிட்ட வயல்களில் லெவிட்டவுன் என்ற ஊர் எழுந்தது. 1947-க்கும் 1951-க்கும் இடையில் அங்கே 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டினார்கள். குளிர் மிகுந்த ஊர்தான். இருந்தும் வேகத்துக்காகவும் செலவைக் குறைக்கவும் நிலவறை தோண்டாமல் தளம் போட்டார்கள். தளத்துக்குள்ளேயே செப்புக் குழாயை வளைத்து வளைத்துப் பதித்து, அதில் வெந்நீரை ஓடவிட்டு வீட்டைச் சூடாக்கினார்கள். நல்ல யோசனைதான், பாதமும் இதமாக இருந்திருக்கும். ஆனால் ஆண்டுகள் போகப்போகப் பல வீடுகளில் அந்தக் குழாய்கள் ஒழுக ஆரம்பித்தன. தரையை உடைத்து உடைத்துச் சரிசெய்து அலுத்துப்போன பலர், தரைக்குள் இருந்ததை அப்படியே கைவிட்டுச் சுவரோரமாக வேறு ஏற்பாடு செய்துகொண்டார்கள்.

செம்பு நல்ல உலோகம். எளிதில் துருப்பிடிக்காது, பல பத்தாண்டுகள் உழைக்கும். அதில் எப்படி ஓட்டை விழுகிறது?

உராய்வு ஒரு காரணம். எந்த உலோகமும் சூடானால் நீளும். செம்பின் வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் கூடினால் அது தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 17 பங்கு நீளுகிறது. கேட்பதற்கு ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கிறதா? 10 மீட்டர் நீளக் குழாயில் தண்ணீரின் சூடு 40 டிகிரி கூடினால் எவ்வளவு நீளும் என்று பெருக்கிப் பாருங்கள். கிட்டத்தட்ட 7 மில்லிமீட்டர் வரும். காலையில் ஒருவர் குளிக்கும்போது குழாய் நீளும். அது ஆறியதும் சுருங்கும். அடுத்தவர் குளிக்கப்போனால் மறுபடி நீளும். காங்கிரீட்டோ கூரிய கல்லோ குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் இந்த அசைவு ஒவ்வொரு நாளும் அதைத் தேய்க்கும். இருபது முப்பது ஆண்டு தேய்ந்தால் செம்பும் தாங்காது. காங்கிரீட்டுக்குள் நுழைகிற இடத்தில் குழாய்க்குப் பிளாஸ்டிக் உறை மாட்டவேண்டும் என்பது இதனால்தான்.

அடுத்தது உள்ளேயிருந்து வரும் அரிப்பு. குழாயை வெட்டும்போது வெட்டிய வாயில் உட்பக்கமாகப் பிசிறு நிற்கும். நல்ல பிளம்பர் அதைச் சுரண்டி வழவழப்பாக்கிவிட்டுத்தான் இணைப்பார். அவசரத்தில் விட்டுவிட்டால், ஓடிவரும் தண்ணீர் பிசிறில் மோதிச் சுழலும். சுழலும் நீர் செம்பின் மேலுள்ள மெல்லிய காப்புப் படலத்தை அரிக்கும். தண்ணீர் சூடாக இருந்தால் அரிப்பு இன்னும் வேகமாகும். அதனால்தான் வெந்நீர்க் குழாயில் தண்ணீரின் வேகம் வினாடிக்கு ஒன்றரை மீட்டரைத் தாண்டக்கூடாது என்று பொறியாளர்கள் சொல்கிறார்கள். இவை தவிர, தண்ணீரின் வேதியியலைப் பொறுத்துச் செம்பில் சின்னச் சின்னக் குழிகள் விழுந்து ஊசித்துளை ஆவதும் உண்டு.

இன்னொரு பகைவன் மண். டாலஸ், ஆஸ்டின் நகரங்களை ஒட்டிக் கறுப்பு மண் பரந்து கிடக்கிறது. அதில் ஒரு வகைக்கு ஹூஸ்டன் பிளாக் என்று பெயர். டெக்சாஸ் மாநிலத்துக்கு அடையாளமான மண் என்று மண்ணியலாளர்கள் அதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த மண்ணை நான் விவரிக்கவே வேண்டாம். நம் கரிசலும் அதுவும் ஒரே மண்குடும்பம். இந்த மண்ணிலுள்ள களிமண் துகள்கள் மெல்லிய தகடுகளின் அடுக்குகளாக இருக்கும். தண்ணீர் அந்தத் தகடுகளுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்கும். ஊறப்போட்ட கொண்டைக்கடலை பாத்திரத்தின் மூடியைத் தூக்குவதைப் பார்த்திருப்பீர்களே, அப்படித்தான் ஊறிய கரிசல் வீட்டைத் தூக்கும். கோடையில் காய்ந்தால் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். மேலே இருக்கும் தளம் ஒரு பக்கம் தூக்கலாகவும் ஒரு பக்கம் தாழ்வாகவும் ஆகிவிடும். தளத்தோடு சேர்ந்து குழாயும் வளையும், இழுபடும்.

டாலஸ் பக்கம் ஒரு வழக்கம் இருக்கிறது. கோடையில் வீட்டைச் சுற்றிப் பொடித்துளை விட்ட ரப்பர் குழாயைப் போட்டு, அஸ்திவாரத்தை ஒட்டிய மண்ணுக்குத் தண்ணீர் விடுவார்கள். செடிக்காக அல்ல. மண் ஒரே அளவு ஈரத்தோடு இருந்தால் வீடு ஆடாது என்பதற்காக. இப்போது யோசித்துப் பாருங்கள், தளத்துக்கு நடுவில் ஒரு குழாய் ஒழுகினால் என்ன ஆகும்? நடுமண் மட்டும் ஊறிப் பருக்கும். தளம் நடுவில் தூக்கிக்கொள்ளும். சுவரில் விரிசல் ஓடும், கதவு நிலையில் இடிக்கும், வேறொரு இடத்தில் குழாய் முறியும். ஓர் ஒழுக்கு இன்னொரு ஒழுக்கைப் பெற்றெடுத்துவிடும்.

சின்ன ஊசித்துளைக்கு இவ்வளவு பெரிய பேச்சா என்று நினைக்காதீர்கள். இங்கேதான் கணக்கு வருகிறது.

அமெரிக்க நகரங்களில் குழாய்த் தண்ணீர் இருபத்துநான்கு மணி நேரமும் அழுத்தத்தோடு நிற்கும். வீட்டுக்குள் அந்த அழுத்தம் சாதாரணமாகச் சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு அளவில் இருக்கும். 42 மீட்டர் உயரத்தில் ஒரு தொட்டி கட்டி, அங்கிருந்து குழாய் இறக்கினால் கீழே அந்த அழுத்தம் கிடைக்கும். 42 மீட்டர் என்றால் ஏறக்குறைய 14 மாடி. கலிலியோவின் சீடரான டாரிசெல்லி 1640-களில் ஓர் அழகான உண்மையைச் சொன்னார்: தொட்டியின் அடியிலுள்ள துளையிலிருந்து தண்ணீர் பாயும் வேகம், அந்தத் தண்ணீர்மட்டத்தின் உயரத்திலிருந்து ஒரு பொருள் விழுந்தால் தரையைத் தொடும்போது இருக்கும் வேகத்துக்குச் சமம். 42 மீட்டரிலிருந்து விழும் கல் வினாடிக்குச் சுமார் 29 மீட்டர் வேகத்தில் தரையில் மோதும். மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் அதிகம். தளத்துக்கு அடியில் அந்த ஊசித்துளையில் தண்ணீர் இந்த வேகத்தில் பீறிடுகிறது.

துளையின் விட்டம் வெறும் ஒன்றரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். துளையில் தண்ணீர் நெருக்கிக்கொண்டு வெளியேறுவதையும் கணக்கில் சேர்த்துக் கழித்தால் நிமிடத்துக்குச் சுமார் 2 லிட்டர் வெளியேறும். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 3,000 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் மொண்டால் 200 குடம். அத்தனையும் வீட்டுக்கு அடியில் போய்க்கொண்டிருக்கிறது. வெந்நீரானால் அதைச் சூடாக்கிய எரிவாயுவும் அதோடு போகிறது.

இனி, தேடல். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

முதல் வேலைக்குக் கருவியே வேண்டாம். வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் போய்ப் பார்ப்பார்கள். பல மீட்டர்களின் முகத்தில் ஒரு சின்ன முக்கோணச் சக்கரம் இருக்கும். துளித்துளியாகத் தண்ணீர் போனாலும் அது சுழலும். யாரும் தண்ணீர் பிடிக்காதபோது அது சுழன்றால் எங்கோ ஒழுகுகிறது. அடுத்து, வெந்நீர்க் கொதிகலனுக்குள் போகும் வால்வை மூடுவார்கள். முக்கோணம் நின்றுவிட்டால் ஒழுக்கு வெந்நீர்ப் பாதையில். நிற்காவிட்டால் குளிர்ந்த நீர்ப் பாதையில். ஒரே ஒரு வால்வைத் திருகி, தேடவேண்டிய இடத்தில் பாதியைக் கழித்துவிட்டார்கள் பாருங்கள்.

கழிவுநீர்க் குழாய் ஒழுகினால் மீட்டருக்குத் தெரியாது, ஏனென்றால் அதில் அழுத்தம் கிடையாது. அதற்கு வேறு சோதனை. வீட்டுக்கு வெளியே குழாயின் வாய்க்குள் ஒரு ரப்பர்ப் பந்தை நுழைத்து, காற்றடித்துப் பருக்கவைத்து அடைத்துவிடுவார்கள். பிறகு தரைமட்டம் வரை குழாயில் தண்ணீரை நிரப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். மட்டம் இறங்கினால் கீழே ஓட்டை.

ஒழுக்கு இருப்பது தெரிந்துவிட்டது. எங்கே என்று தெரியவேண்டுமே! இருநூறு சதுர மீட்டர் வீட்டைத் தோராயமாக எங்கேயாவது உடைத்துப் பார்க்க முடியாது. இப்போது பிளம்பர் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொள்கிறார். கையில் தரையோடு ஒட்டவைக்கும் ஒலிவாங்கி. வீட்டில் மின்விசிறி, குளிர்பதனப்பெட்டி எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார். ஓர் அடி நகர்கிறார், நின்று கேட்கிறார், மறுபடி ஓர் அடி நகர்கிறார்.

அழுத்தத்தோடு பீறிடும் தண்ணீர் துளையின் விளிம்பில் சுழன்று குழாயை அதிரவைக்கும். அந்த அதிர்வு உலோகத்தின் வழியே இரு பக்கமும் ஓடும். செம்புக் குழாயில் அது உஸ்ஸ் என்ற கூரான சத்தமாகக் கேட்கும். தண்ணீர் மண்ணில் மோதும் சத்தம் வேறு. அது கனத்த, மொத்தமான ஒலி. துளைக்கு நேர் மேலே வரும்போது சத்தம் உச்சத்துக்குப் போகும், தாண்டினால் குறையும். தேர்ந்த காதுக்கு இந்த வித்தியாசம் புரிந்துவிடும். தண்ணீரின் சத்தம் போதவில்லை என்றால் குழாயைக் காலிசெய்து காற்றை அழுத்தி அனுப்புவார்கள். ஈரமண்ணுக்குள் காற்று குமிழியிட்டுக் கொப்புளிக்கும் ஓசை நன்றாகவே கேட்கும்.

நீங்களும் இதைச் சோதிக்கலாம். மாடிப்படியின் இரும்புக் கைப்பிடியில் ஒரு முனையில் காதை ஒட்டிவையுங்கள். மறுமுனையில் நண்பர் நகத்தால் மெல்லச் சுரண்டட்டும். காதை எடுத்துவிட்டால் கேட்காத சுரண்டல், ஒட்டினால் பக்கத்தில் நடப்பதுபோல் கேட்கும். காற்றில் ஒலி பரவிச் சிதறிப்போகிறது. கம்பியில் அது கம்பி வழியே ஓடுகிறது. வேகமும் அதிகம். காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும், இரும்பில் 5,000 மீட்டர் அளவுக்குப் போகும்.

தெருவில் புதைத்த நீண்ட குழாய்களுக்கு இதைவிடக் கெட்டிக்கார முறை ஒன்று உண்டு. குழாயின் இரண்டு வால்வுகளில் இரண்டு உணரிகளைப் பொருத்துவார்கள். ஒழுக்கின் சத்தம் அருகிலுள்ள உணரிக்கு முதலிலும் தொலைவிலுள்ளதற்குக் கொஞ்சம் பிந்தியும் போய்ச்சேரும். இரண்டு சத்தங்களையும் ஒரு கணினி ஒன்றோடொன்று நகர்த்தி நகர்த்திப் பொருத்தி, எவ்வளவு பிந்தியது என்று கண்டுபிடிக்கும். அப்புறம் நான்காம் வகுப்புக் கணக்குதான். உணரிகளுக்கு இடையே 120 மீட்டர். தண்ணீர் நிறைந்த இரும்புக் குழாயில் இந்தச் சத்தம் வெறும் இரும்பில் ஓடுவதைவிட மெதுவாக, வினாடிக்கு 1,200 மீட்டர் ஓடுகிறது. பிந்திய நேரம் ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. அப்படியானால் தொலைவுச் சத்தம் 24 மீட்டர் அதிகம் ஓடியிருக்கிறது. 120-இல் 24-ஐக் கழித்தால் 96, அதில் பாதி 48. அருகிலுள்ள உணரியிலிருந்து 48 மீட்டரில் தோண்டலாம். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அம்மா எந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடுகிறார் என்று உங்களுக்குத் தெரிகிறதல்லவா? உங்கள் இரண்டு காதுகளும் மூளையும் செய்வதும் இதே வேலைதான். அங்கே நேர வித்தியாசம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

பிளாஸ்டிக் குழாயில் ஒலி சீக்கிரம் அமுங்கிவிடும். அப்போது வாயுவைக் கொண்டு தேடுவார்கள். தண்ணீரை வடித்துவிட்டு 95 பங்கு நைட்ரஜனும் 5 பங்கு ஹைட்ரஜனும் கலந்த வாயுவைக் குழாயில் செலுத்துவார்கள். ஹைட்ரஜன் எரியுமே என்று பயப்படவேண்டாம், இந்த அளவு நைட்ரஜனோடு கலந்தால் அது தீப்பிடிக்காது. ஹைட்ரஜன் எல்லா வாயுக்களிலும் லேசானது. காற்றைவிட 14 மடங்கு லேசு. அது துளை வழியே கசிந்து மண்ணுக்குள் ஏறி, காங்கிரீட்டின் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாகவும் வெடிப்புகள் வழியாகவும் மேலே வரும். தரையை மோந்துகொண்டே போகும் கருவி ஒன்று அதைப் பிடித்துவிடும். காங்கிரீட் கெட்டி என்று நினைக்கிறோம். ஹைட்ரஜனுக்கு அது சல்லடை.

வெந்நீர் ஒழுக்காக இருந்தால் வெப்பப் படக்கருவியும் உதவும். சூடான பொருள் எல்லாம் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை வீசும். வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியல் அறிஞர் 1800-இல் இந்தக் கதிர்களைக் கண்டுபிடித்தார். சூரிய ஒளியைப் பட்டகத்தால் நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானி வைத்துப் பார்த்தார். சிவப்புக்கும் அப்பால், நிறமே இல்லாத இடத்தில் வெப்பமானி இன்னும் ஏறியது. அந்தக் கதிர்களைப் படமாக்கும் கருவியில் தரையைப் பார்த்தால் வெந்நீர் ஊறிய இடம் பளிச்சென்று தெரியும். பூனை எந்தக் கருவியும் இல்லாமல் முதலிலேயே கண்டுபிடித்ததும் அந்த இடத்தைத்தான்.

சரி, இடம் தெரிந்துவிட்டது. உடைக்கலாமா? பொறுங்கள். டெக்சாஸில் பல வீடுகளின் தளத்துக்குள் எஃகு வடங்கள் ஓடுகின்றன. காங்கிரீட்டை நசுக்குவது கடினம், ஆனால் இழுத்தால் சீக்கிரம் விரிசல் விடும். அதனால் காங்கிரீட் இறுகிய பிறகு வடங்களை இழுத்துக் கட்டி, தளம் முழுவதையும் எப்போதும் நெருக்கிப் பிடித்தபடி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு வடத்திலும் சுமார் 15 டன் இழுவிசை இருக்கும். தெரியாமல் ஒன்றை அறுத்துவிட்டால் அது சீறிக்கொண்டு வெளியே பாய்ந்து ஆளைக் கொல்லவும் கூடும். ஆகவே ரேடியோ அலைகளைத் தரைக்குள் அனுப்பி, அவை திரும்பி வருவதை வைத்து வடங்கள் எங்கே ஓடுகின்றன என்று கோடு போட்டுக்கொண்ட பிறகுதான் உடைக்கும் இயந்திரம் உள்ளே வரும்.

மேலிருந்து உடைத்தால் முழங்கை அளவுச் சதுரமாகக் காங்கிரீட்டை எடுத்து, கையால் மண்ணைத் தோண்டிக் குழாயை வெளியே காட்டுவார்கள். கெட்ட துண்டை வெட்டி எடுத்துப் புதுத்துண்டு வைத்து, வெள்ளி கலந்த பற்றாசை உருக்கி இணைப்பார்கள். இதற்கு 600, 700 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். 250 டிகிரிக்குள் உருகும், ஈயம் கலக்காத மென்மையான பற்றுவைப்பு வீட்டுக்குள் சுவரில் ஓடும் குழாய்க்குச் சரி. இனி யாரும் எட்டிப்பார்க்க முடியாத இடத்தில் அது போதாது. பிறகு அழுத்தச் சோதனை. மண்ணைப் போட்டு இடித்து, ஈரம் ஏறாமல் தடுக்கும் பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டி, காங்கிரீட் போட்டு, டைல் பதிப்பார்கள்.

வீட்டுக்குள் உடைக்க விரும்பாதவர்கள் பக்கவாட்டில் சுரங்கம் தோண்டச் சொல்வார்கள். கழிவுநீர்க் குழாய்க்கு டெக்சாஸில் இந்த முறை சாதாரணம். ஒருவர் தவழ்ந்து போகும் அளவுக்கு வெளியிலிருந்து வீட்டுக்கு அடியில் தோண்டிக்கொண்டு போவார்கள். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கும் மேல் கனக்கும். சரிந்தால் தப்புவது கடினம். தலைக்கு மேலே வீடு, கைக்கு எட்டும் தூரத்தில் ஈரமண், அந்த இருட்டில் படுத்துக்கொண்டு வேலை செய்கிற தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். வேலை முடிந்ததும் எடுத்த மண்ணைத் திரும்பவும் திணித்து இடிக்கவேண்டும். வெற்றிடம் விட்டால் பிறகு தளம் இறங்கும்.

கழிவுநீர்க் குழாயைத் தோண்டாமலே சரிசெய்யவும் வழி உண்டு. 1971-இல் லண்டனில் எரிக் வுட் என்ற பொறியாளர் இதைச் செய்துகாட்டினார். பிசின் ஊறிய துணிக்குழலைப் பழைய குழாய்க்குள் செலுத்தி, அழுத்தத்தால் உப்பவைத்து, இறுகவிட்டால் பழைய குழாய்க்குள்ளேயே ஒரு புதுக்குழாய் உருவாகிவிடும்.

இன்னும் ஒன்று, பழைய குழாயை மண்ணுக்குள் அப்படியே விட்டுவிட்டு, சுவர் வழியாகவும் பரண் வழியாகவும் புதுப்பாதை போடுவது. இதற்கு இப்போது பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் குழாய் பயன்படுகிறது. பாலிஎத்திலீன் இழைகளைக் குறுக்குக் குறுக்காகப் பிணைக்கும் ஒரு முறையை ஜெர்மானியரான தாமஸ் எங்கல் 1968-இல் கண்டுபிடித்தார். அதிலிருந்து வந்த குழாய் வளையும், வெந்நீரைத் தாங்கும், நடுவில் இணைப்பே இல்லாமல் நீளமாக இழுக்கலாம். ஆனால் பரணில் ஓடும் குழாய்க்கு வேறு ஆபத்து. 2021 பிப்ரவரியில் டெக்சாஸை அபூர்வமான கடுங்குளிர் தாக்கியது. பரண்களிலும் வெளிச்சுவர்களிலும் ஓடிய குழாய்களில் தண்ணீர் உறைந்து, ஏராளமான வீடுகளில் குழாய்கள் வெடித்துக் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஆகவே மேலே கொண்டுபோனால் குளிர்காப்புப் போர்வை சுற்றவேண்டும்.

எது நல்லது என்று கேட்டால் நான் சொல்வது இது. ஆணி குத்தியதுபோல் ஏதோ தற்செயலால் விழுந்த ஓட்டையானால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்தால் போதும். குழாய் முதுமையால் ஒழுகினால் ஒன்றை அடைத்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பது வீண்செலவு. புதுப்பாதைதான் சரி. நம் ஊர் வீடுகளில் வெளிச்சுவரில் குழாய்கள் அப்பட்டமாக இறங்குவதைப் பார்த்து அழகில்லை என்பார்கள். எனக்கு அது நல்ல அமைப்பாகவே படுகிறது. ஒழுகினால் அன்றைக்கே சுவரில் ஈரம் காட்டிக்கொடுத்துவிடும்.

நம் ஊரில் வேறு தொல்லை உண்டு. தெருக்குழாயில் சில மணி நேரம்தான் தண்ணீர் வருகிறது. மற்ற நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருக்காது. அப்போது தண்ணீர் வெளியே கசிந்த அதே ஓட்டை வழியாகச் சாக்கடை நீர் உள்ளே புகுந்துவிடும். தெருவில் தார்ச்சாலை காரணமில்லாமல் ஈரமாக இருந்தால் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி, நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ தெரிவிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டையும் இன்றிரவே சோதியுங்கள். எல்லோரும் படுக்கப்போகும்போது, மோட்டார் போடாத நேரமாகப் பார்த்து, மேல்நிலைத் தொட்டியில் ஒரு பெரியவரை ஏறச்சொல்லித் தண்ணீர்மட்டத்தில் சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். இரவில் யாரும் தண்ணீர் பிடிக்கவேண்டாம். விடிந்ததும் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. கழிப்பறையில் ஃபிளஷ் தொட்டி இருந்தால் அதில் கேசரிப் பொடியைச் சிறிது கரைத்துவிட்டுப் பத்து நிமிடம் தண்ணீர் திறக்காமல் காத்திருங்கள். கோப்பைக்குள் நிறம் வந்தால் தொட்டியின் அடிப்பகுதி ரப்பர் ஒழுகுகிறது. அந்த ரப்பரை மாற்ற அதிகச் செலவாகாது.